இடம் உண்டு, எண் இல்லை

(அருமனையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மக்கா, உன் தொழிலப் பத்தி இருபது நிமிஷம் பேசு. ஆனா தமிழ் இலக்கியம் படிச்சவனுக்கும் புரியணும்" என்று நம் செயலாளர் எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார். அவர் தமிழ் இலக்கியம் படித்தவர். என் தொழில் சேமிப்பகம். கம்ப்யூட்டரில் நீங்கள் போட்டுவைக்கும் கடிதமும் படமும் கணக்கும் டிஸ்கில் எங்கே போய் உட்காருகிறது, இடம் போதாமல் வந்தால் எப்படி விரிப்பது என்று பார்த்துக்கொள்ளும் வேலை. வெளியில் தெரியாத வேலை. அது நின்றுபோகிற அன்றைக்குத்தான் எங்களைத் தேடுவார்கள்.

அப்படித் தேடிய ஒரு நாளைச் சொல்கிறேன். மாணவர்களிடம் இணையம் வழியாக விண்ணப்பம் வாங்கும் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். அன்றைக்குக் கடைசி நாள், இரவு பன்னிரண்டு மணியோடு கதவு சாத்திவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஒரு விண்ணப்பமும் ஏறவில்லை. சர்வர் சொன்ன ஒரே பதில், 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. டிஸ்கில் இடமே இல்லையாம். அங்கிருந்த பொறியாளர் பார்த்தால், 100 ஜிபி டிஸ்கில் 60 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது! சர்வரை அணைத்துப் போட்டார், அதே பதில். பணத்தைக் கட்டிவிட்டுப் படிவத்தை அனுப்ப முடியாமல் எத்தனையோ பிள்ளைகள் பிரௌசிங் சென்டர் வாசலில் நிற்கிறார்கள். எனக்குப் போன் வந்தபோது ஒன்பது மணி. 'டிஎஃப்' கட்டளையோடு 'ஐ' என்ற எழுத்தைச் சேர்த்து அடிக்கச் சொன்னேன். நூறு சதவீதம் என்று வந்தது. இடம் இருந்தது. எண் தீர்ந்துபோயிருந்தது.

என்ன எண் இது? நம்ம ஊரில் இதை விளக்குவது சுலபம். இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தண்டப்பேர் என்ற சொல் தெரியும். 1956 நவம்பர் 1க்கு முன், நாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்து வழக்கு அது. பழைய கரம் தீர்த்த ரசீதுகளை எடுத்துப் பார்த்தால் தண்டப்பேர் எண் இருக்கும். பகுதிக் கச்சேரியில் ஒரு தடித்த பதிவேடு. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு பக்கம். உடையவர் யார், எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம், எவ்வளவு கரம் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். ஆனால் ஊரார் அந்த நிலத்தைக் கூப்பிடும் பெயர், தெக்கேவிளை, பாறைவிளை என்பதெல்லாம் பதிவேட்டுக்கு முக்கியம் இல்லை. பார்வத்தியக்காரருக்கு எண்தான் கணக்கு.

ஐநோட் என்பது அப்படிப்பட்ட ஒரு பக்கம். பைலின் சொந்தக்காரர் யார், யார் படிக்கலாம், யார் எழுதலாம், எவ்வளவு பெரிது, எப்போது மாறியது, அதன் உள்ளடக்கம் டிஸ்கின் எந்தெந்த பிளாக்குகளில் கிடக்கிறது, இத்தனையும் அதில் இருக்கும். பைலின் பெயர் மட்டும் இருக்காது. பெயர் இருப்பது டைரக்டரியில். அங்கே பெயருக்கு நேரே ஐநோட் எண். ஒரே நிலத்துக்குக் கிழக்கே இருப்பவன் ஒரு பெயரும் மேற்கே இருப்பவன் ஒரு பெயரும் சொல்வதுபோல, ஓர் ஐநோட்டுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கலாம். கடைசிப் பெயரும் அழிந்து, அந்தப் பைலைத் திறந்துவைத்திருக்கும் புரோகிராம் எதுவும் இல்லையென்றால்தான் பக்கம் காலியாகும். பெரிய லாக் பைலை அழித்த பிறகும் டிஸ்க் நிறைந்தே கிடக்கிறதே என்று திகைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பெயர் போயிருக்கும், ஆனால் எவனோ அதைப் பிடித்துக்கொண்டு இருப்பான்.

'ஐநோட்'டில் உள்ள 'ஐ' எதைக் குறிக்கிறது என்று யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியிடமே கேட்டிருக்கிறார்கள். இன்டெக்ஸ் என்பதாக இருக்கலாம் என்று அவரும் ஊகமாகத்தான் சொன்னார். பெயர் வைத்தவர்களுக்கே நிச்சயம் இல்லை, கேட்டியளா!

இனி, பதிவேட்டில் மொத்தம் எத்தனை பக்கம்? இதுதான் விஷயத்தின் மையம். லினக்ஸில் பெரும்பாலான இடங்களில் இருப்பது எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறை. 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கெர்னலில் நிலையானதாக அறிவிக்கப்பட்டது. அதன் மூதாதை எக்ஸ்ட்2 1993இல் வந்தது. ரெமி கார்ட், தியடோர் சோ, ஸ்டீபன் ட்வீடி ஆகியோர் எழுதியது. இந்தக் குடும்பத்தில் ஐநோட்டுகளின் எண்ணிக்கை, டிஸ்கை ஃபார்மட் செய்யும் அன்றைக்கே முடிவாகிவிடும். பிறகு அந்த விகிதத்தை மாற்ற முடியாது.

ரப்பர் வைத்தவர்களுக்கு இது புரியும். குழி வெட்டுகிற நாளிலேயே இத்தனை அடிக்கு ஒரு குழி என்று முடிவு செய்துவிடுகிறோம். மரம் வளர்ந்து வெட்டுக்கு வந்தபின், நடுவில் இன்னும் நாலு வைக்கலாமே என்றால் முடியுமா? பக்கத்து விளையை வாங்கினால் அங்கே புதுக்குழி வெட்டலாம். எக்ஸ்ட்4 அங்கேயும் அதே இடைவெளியில்தான் வெட்டும்.

கணக்கைச் சொல்கிறேன், கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்கை 4 கேபி பிளாக்குகளாகப் பிரிக்கிறது. எந்த பிளாக் காலி, எது நிறைந்தது என்பதற்கு பிளாக்குக்கு ஒரு பிட் வீதம் ஒரு பிட்மேப். அந்த பிட்மேப்பும் ஒரே பிளாக்கில் அடங்க வேண்டும். 4096 பைட்டில் 32,768 பிட். ஆகவே 32,768 பிளாக், அதாவது 128 எம்பி, ஒரு தொகுதி. வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் 16 கேபிக்கு ஓர் ஐநோட் என்று போடும். தொகுதிக்கு 8192 ஐநோட். ஒவ்வொன்றும் 256 பைட். சேர்த்தால் 2 எம்பி. 128 எம்பியில் 2 எம்பி பதிவேட்டுக்கே போய்விடுகிறது என்று பாருங்கள். அதனால்தான் வேண்டியமட்டும் அள்ளிப்போடவும் முடியாது. 100 ஜிபி டிஸ்கில் 800 தொகுதி, மொத்தம் 65,53,600 ஐநோட்.

அன்றைக்கு அந்த நிறுவனத்தில் நடந்தது இதுதான். தளத்துக்குள் யார் வந்தாலும் ஆளுக்கு ஒரு சின்ன செஷன் பைல் உண்டாகும். பழையதைத் துடைக்கும் வேலை எங்கோ நின்றுபோயிருந்தது. ஒவ்வொரு பைலிலும் சில நூறு எழுத்துகள்; ஆனால் ஒவ்வொன்றும் ஓர் ஐநோட்டையும் ஒரு பிளாக்கையும் பிடிக்கும். 65 லட்சம் பைல் சேர்ந்தாலும் பிளாக் கணக்கில் 25 ஜிபிதான் ஆகிறது. நிலம் பாதிக்குமேல் தரிசாகக் கிடக்க, பதிவேட்டில் எழுதப் பக்கம் இல்லை.

இந்த விகிதத்தை நாமே சொல்லிக் கொடுக்க வழி உண்டு. ஃபார்மட் செய்யும் கட்டளைக்கு 'நியூஸ்' என்று ஒரு வகை சொன்னால் 4 கேபிக்கு ஓர் ஐநோட் போடும். யூஸ்நெட் செய்திக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தின் மிச்சம் அது. ஒவ்வொரு செய்தியும் ஒரு குட்டி பைலாகக் குவிந்த காலம். சினிமாப் படங்கள் மாதிரிப் பெரிய பைல்களுக்கு 'லார்ஜ்ஃபைல்4' என்று ஒரு வகை. 4 எம்பிக்கு ஒன்று. எது வேண்டும் என்பது உள்ளே எதை வைக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. ஃபார்மட் செய்கிறவரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

புதிய பைலுக்கு எந்த ஐநோட்டைக் கொடுப்பது என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு டைரக்டரியில் உள்ள பைல்களை ஒன்றாகத்தான் தேடுவோம் என்று வைத்து, தாய் டைரக்டரி இருக்கும் தொகுதியிலேயே ஐநோட் கொடுக்கப் பார்க்கும். அங்கே நிறைந்திருந்தால் அடுத்த தொகுதி. மேல்மட்ட டைரக்டரிகளை மட்டும் டிஸ்க் முழுக்கப் பரப்பி வைக்கும். ஆர்லோவ் முறை என்று பெயர். பிஎஸ்டி யூனிக்ஸ் குடும்பத்திலிருந்து லினக்ஸுக்கு வந்தது. ஆணும் பெண்ணுமாய்க் கல்யாணமான பிள்ளைகளுக்குத் தள்ளித் தள்ளி வீடு கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளைகளை அந்தந்த வீட்டிலேயே வைப்பதுபோல.

இந்த எக்ஸ்ட்4இல் நம் நாட்டவர் கையும் இருக்கிறது. பிளாக்கையும் ஐநோட்டையும் ஒதுக்கும் முறையைச் சீர்செய்தது பற்றி 2008இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. எழுதிய நால்வரில் முதல் பெயர் ஐபிஎம் இந்தியாவில் இருந்த அனீஷ் குமார். பைலுக்கு வேண்டிய இடத்தை முன்கூட்டியே பிடித்துவைக்கும் 'எஃப்அலோகேட்' என்ற அழைப்பு 2007இல் கெர்னலில் சேர்ந்தது. அதை எழுதியவர் அமித் அரோரா, அவரும் ஐபிஎம்தான். கெர்னல் என்றால் எங்கோ பின்லாந்தில், அமெரிக்காவில் எழுதுவது என்று நினைக்காதீர்கள் மக்களே.

சரி, விரிப்பதற்கு வருகிறேன். அன்றிரவு அங்கே நல்ல காரியம் ஒன்று இருந்தது. டிஸ்கை நேரே பயன்படுத்தாமல் எல்விஎம் என்ற அடுக்கின்மேல் வைத்திருந்தார்கள். பல டிஸ்குகளை ஒரே குளமாக்கி, அதிலிருந்து வேண்டிய அளவு வால்யூமாக வெட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அது. குளத்தில் 20 ஜிபி மீதி இருந்தது. முதலில் வால்யூமை விரித்தோம், அடுத்து 'ரீசைஸ்2எஃப்எஸ்' கொண்டு கோப்பு முறையை விரித்தோம். சர்வரை நிறுத்தவில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே. 20 ஜிபிக்கு 160 புதுத் தொகுதி. தொகுதிக்கு 8192 வீதம் 13,10,720 புது ஐநோட். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, விண்ணப்பங்கள் ஏற ஆரம்பித்தன. பழைய செஷன் பைல்களை அழித்து முடிக்கத்தான் விடிய விடிய ஆனது. இடம் தேவைப்பட்டு விரிக்கவில்லை, எண் தேவைப்பட்டு விரித்தோம். அந்த 20 ஜிபி நிலம் இன்றைக்கும் தரிசாகக் கிடக்கலாம்.

விரிப்பதற்கும் முன்யோசனை வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு விவரக் குறிப்பு உண்டு, அந்தக் குறிப்புகள் எல்லாம் டிஸ்கின் தொடக்கத்தில் வரிசையாக இருக்கும். தொகுதி கூடினால் குறிப்பும் கூடும். அதற்கு அடுத்த இடத்தில் ஏற்கெனவே வேறு ஏதாவது உட்கார்ந்திருந்தால்? அதற்காகவே ஃபார்மட் செய்யும்போது கொஞ்சம் இடத்தைப் பூட்டிவைக்கிறார்கள். பூட்டிவைத்திருக்கும் ஆள் 7ஆம் எண் ஐநோட். (முதல் பத்து எண்கள் இப்படி விசேஷ வேலைக்கு ஒதுக்கப்பட்டவை; வேர் டைரக்டரி எப்போதும் 2.) வழக்கமாக முதல் அளவைப்போல் 1024 மடங்கு வரை வளர இடம் விட்டுவைப்பார்கள். வீடு கட்டும்போது மாடிக்குக் கம்பி நீட்டி விடுகிறோமே, அதே காரியம்.

சுருக்குவது வேறு சங்கதி. கூட்டும்போது முதலில் வால்யூம், பிறகு கோப்பு முறை. குறைக்கும்போது தலைகீழ்: முதலில் அன்மவுண்ட் செய்து, சோதித்து, கோப்பு முறையைச் சுருக்க வேண்டும், பிறகுதான் வால்யூம். வரிசையை மாற்றி வால்யூமை முதலில் வெட்டினால், உள்ளே பைல் இருக்கும் நிலத்தையே அறுத்துக் கொடுத்ததாகிவிடும். கட்டளை ஒரு விநாடியில் முடிந்துவிடும். அழுகை பிறகுதான் வரும்.

ஐநோட்டை முன்கூட்டியே எண்ணி வைக்காத கோப்பு முறைகளும் உண்டு. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் 1994இல் கொண்டுவந்த எக்ஸ்எஃப்எஸ் தேவை வரும்போது 64 ஐநோட்டுகளாக ஒரு கட்டு கட்டிக்கொள்ளும். எல்லா நிலத்தையும் பதிவேடே விழுங்கிவிடக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு மட்டும் வைத்திருக்கிறது. 1 டிபிக்குக் குறைந்த டிஸ்கில் 25 சதவீதம், 50 டிபிக்கு மேற்பட்டதில் 1 சதவீதம். அப்படியானால் எல்லாரும் இதையே வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸை விரிக்கலாம், சுருக்க முடியாது. கடைசியில் காலியாகக் கிடக்கும் ஓரத்தை மட்டும் நறுக்கும் சோதனை வசதி ஒன்று 2021இல் வந்தது, அவ்வளவே. என்னைக் கேட்டால், சுருக்குகிற தேவை எனக்கு அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது. குட்டி பைல்கள் கோடிக்கணக்கில் குவியும் இடத்துக்கு எக்ஸ்எஃப்எஸ்ஸைத்தான் சொல்வேன்.

இதுவரை சொன்னது ஒரு கம்ப்யூட்டருக்குள் நடப்பது. டிஸ்க் குளமே ஒரு பெட்டிக்குள் அடங்காமல் போனால் என்ன செய்வது? இங்கே நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். ஆனந்த் பாபு பெரியசாமி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர். அமெரிக்காவில் கலிபோர்னியா டிஜிட்டல் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார். அந்த நிறுவனம் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்குக் கட்டிய 'தண்டர்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர், 2004 ஜூன் மாத உலகப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அதன்பின் அவர் தொடங்கியதுதான் கிளஸ்டர்எஃப்எஸ். தமிழில் எழுதினால் குழப்பும், முதலெழுத்து 'ஜி'. ஜிஎன்யூவையும் கிளஸ்டரையும் சேர்த்து வைத்த பெயர். எழுதியவர்களில் பலர் பெங்களூரில் இருந்தார்கள். 2011இல் ரெட் ஹாட் நிறுவனம் அதைச் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

அவர்கள் செய்த துணிச்சலான காரியம் என்னவென்றால், நடுவில் பதிவேட்டுக் கச்சேரியே வைக்கவில்லை. அதுவரை பல கம்ப்யூட்டர்களில் பைல்களைப் பரப்பும் முறைகள் பலவற்றில், எந்தப் பைல் எங்கே என்று சொல்ல ஒரு தனி சர்வர் இருக்கும். அது படுத்தால் எல்லாம் படுத்தது. இவர்களோ பைலின் பெயரையே ஒரு கணக்கில் போட்டு 32 பிட் எண்ணாக்கினார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உள்ள சேமிப்பிடத்துக்கு 'பிரிக்', அதாவது செங்கல் என்று பெயர். ஒவ்வொரு செங்கலுக்கும் எண்ணில் ஒரு பங்கு. நம் கல்லூரியில் ஹால் டிக்கெட் கொடுக்கும்போது, 1 முதல் 200 வரை இந்த ஜன்னல், 201 முதல் 400 வரை அந்த ஜன்னல் என்று ஒட்டியிருப்பார்களே, யாரையும் கேட்காமல் நாமே போய் நிற்போமே, அப்படி.

இப்போது மூன்றாவது ஜன்னல் திறக்கிறோம். வால்யூமில் புதுச் செங்கல் சேர்க்கிறோம். அறிவிப்பை மாற்றி ஒட்ட வேண்டும். அதற்கு 'ஃபிக்ஸ் லேஅவுட்'. ஆனால் பழைய ஹால் டிக்கெட்டுகள் இன்னும் பழைய ஜன்னலிலேயே இருக்கும். எனவே புது ஜன்னலில் ஒரு துண்டுச் சீட்டு: 'உங்களுடையது அங்கே இருக்கிறது'. அந்தச் சீட்டும் ஒரு பைல்தான். உள்ளே ஒரு பைட்கூட இருக்காது, ஆனால் ஓர் ஐநோட் பிடிக்கும். டைரக்டரிகளோ எல்லாச் செங்கலிலும் ஒவ்வொரு பிரதி. அங்கும் தலைக்கு ஓர் ஐநோட். பிறகு 'ரீபேலன்ஸ்' ஓடவிட்டால் பைல்கள் தத்தம் இடத்துக்கு மெள்ள நகரும். செங்கலை எடுக்கும்போது இதைவிடக் கவனம் வேண்டும். முதலில் தொடங்கு, பைல்கள் வெளியேறி முடிந்ததா என்று பார், பிறகே உறுதிசெய். பொறுமையில்லாமல் 'ஃபோர்ஸ்' என்று அடித்தால் உள்ளே இருந்த பைல்களோடு செங்கல் போய்விடும்.

இன்னொரு நுணுக்கம். ஜன்னல் பங்கீடு, பைலின் உலகளாவிய அடையாள எண் எல்லாவற்றையும் அந்தந்த ஐநோட்டின் ஓரத்திலேயே குறித்துவைக்கிறார்கள். அந்தக் காலத்து எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஐநோட் 256 பைட். குறிப்பு அதில் கொள்ளாமல் வேறு பிளாக்குக்கு வழிந்தால், ஒவ்வொரு பைலுக்கும் இரண்டு தடவை டிஸ்கைத் தொட வேண்டும். அதனால் செங்கல்லை ஃபார்மட் செய்யும்போது ஐநோட்டை 512 பைட்டாக வையுங்கள் என்று கையேட்டிலேயே எழுதினார்கள். எத்தனை கம்ப்யூட்டருக்குப் பரப்பினாலும் கடைசியில் கணக்கு அந்த ஒரு பக்கத்தின் அகலத்தில் வந்து நிற்கிறது.

ரெட் ஹாட் 2024 இறுதியோடு இதற்கான வணிக ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஆனந்த் பாபு அதற்கு வெகு முன்பே, 2014இல், வேறு இருவரோடு சேர்ந்து மினிஐஓ என்ற அடுத்த முயற்சிக்குப் போய்விட்டார். அது இன்னொரு நாள் பேச்சு.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். லேபில் உள்ள மெஷினில் வேண்டாம், லேப் அசிஸ்டென்ட் என்னைத் திட்டுவார். ஒரு வெர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள். 64 எம்பி அளவில் ஒரு வெற்றுப் பைல் உண்டாக்கி, அதையே டிஸ்க் என்று வைத்து எக்ஸ்ட்4 ஃபார்மட் செய்து மவுண்ட் பண்ணுங்கள். இவ்வளவு சின்ன டிஸ்குக்கு 4 கேபிக்கு ஓர் ஐநோட் என்பதால் 16,384 வரும். அதில் சில ஏற்கெனவே செலவாகியிருக்கும். ஒன்றும் எழுதாத காலிப் பைல்களாக உண்டாக்கிக்கொண்டே போங்கள். மீதி எல்லாம் தீர்ந்த பிறகு அடுத்த பைலுக்கு 'இடமில்லை' என்று சொல்லும். அந்த நேரத்தில் 'டிஎஃப்' அடித்து எவ்வளவு இடம் காலி என்று பாருங்கள்; உடனே 'ஐ' சேர்த்தும் பாருங்கள். பிறகு அன்மவுண்ட் செய்து அந்தப் பைலை 128 எம்பி ஆக்கி, சோதித்து, விரித்து, மறுபடி ஐநோட்டை எண்ணுங்கள். கடைசியாக, மவுண்ட் ஆகியிருக்கும்போதே அதைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். முடியாது என்று சொல்லும். சொல்லும் வாசகத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள். என் விலாசம் செயலாளரிடம் இருக்கிறது.